அஞ்சினான் புகலிடம்

(விழா நாளில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பெரும்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை அடுத்து வட்டெழுத்துப் பொறிப்புகளும் உள்ளன. அவற்றுள் அச்சணந்தி என்னும் துறவியின் பெயர் காணப்படுகிறது. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றில் அருகன் திருமேனியைச் செதுக்குவித்த அடிகளின் பெயரும் இதுவே. இன்று தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வந்தவாசி, செஞ்சி, ஆரணி, காஞ்சி வட்டாரங்களில் மிகுதியாக வாழ்ந்தாலும், கம்பம் பள்ளத்தாக்கு நமக்கு அயலிடம் அன்று என்பதற்கு அப்பாறை சான்றாக நிற்கிறது.

அக்காலச் சமணப் பள்ளிகள் நான்கு தானங்களைத் தம் கடமையாகக் கொண்டிருந்தன. அன்னதானம், ஔடததானம், சாத்திரதானம் ஆகிய மூன்றும் எல்லார்க்கும் எளிதில் விளங்குவன. நான்காவது அபயதானம். அச்சங்கொண்டு அடைக்கலம் வந்தவரைக் காப்பது அது. இதற்கெனத் தனி இடங்கள் இருந்தன என்றும், சாசனங்கள் அவ்விடத்தை 'அஞ்சினான் புகலிடம்' எனக் குறிக்கின்றன என்றும் மயிலை சீனி. வேங்கடசாமி தம் 'சமணமும் தமிழும்' நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். எத்துணை அழகிய தமிழ்ப் பெயர்!

இந்த நான்கனுள் ஔடதமும் அபயமும் ஒன்றையொன்று பிரியலாகாதவை. அச்சம் நீங்காத இடத்தில் மருந்து உரியவரைச் சென்று சேராது. இதனை இன்றைய பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் போதைப்பொருள் துறையில் கணக்கெடுத்து நிறுவியுள்ளனர். அவர்கள் வகுத்த நெறிக்குத் 'தீங்கு குறைப்பு' என்று பெயர். அந்நெறியைச் சமண இல்லறத்தார் எவ்வாறு நோக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் பள்ளத்தாக்கின் இன்றைய நிலையைக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என முல்லைப் பெரியாற்றின் வழியே ஊர்கள் அமைந்துள்ளன. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் இந்நிலம் நெல்லும் வாழையும் திராட்சையும் கொழிக்கும் நிலமாயிற்று. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் கம்பம் மெட்டு வழியாகவும் போடி மெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் கூட்டம் இப்பகுதியின் அன்றாடக் காட்சி.

அந்த மலைப்பாதைகளிலேயே வேறொரு சரக்கும் சென்றது. முன்னாளில் வருசநாட்டு மலைப்பகுதியில் மறைவாகப் பயிரிடப்பட்ட கஞ்சாவும், பின்னாளில் ஆந்திரத்திலிருந்து கொணரப்பட்டு இவ்வழியே கேரளம் செல்லும் கஞ்சாவும் இப்பள்ளத்தாக்கின் நற்பெயரைக் கெடுத்தன. கஞ்சா பிடிபட்ட செய்தி நாளிதழ்களில் வரும்போதெல்லாம் உழைத்து வாழும் ஓர் ஊரின் பெயர் அதனுடன் சேர்த்தே பேசப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இதனினும் கொடிய வழக்கம் ஒன்று புகுந்துள்ளது. கடும் வலிக்கென மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளைக் கள்ளத்தனமாக வாங்கி, பொடித்துக் கரைத்து, இளைஞர்கள் ஊசியால் நாளத்தில் ஏற்றிக்கொள்கின்றனர். விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் நீரில் முழுதும் கரைவதில்லை. அது குருதிக் குழாயை அடைக்கும்; சீழ் பிடிக்கச் செய்யும்; கையையோ காலையோ இழக்கும் நிலைக்கும் கொண்டு செல்லும். ஓர் ஊசியைப் பலர் பகிரும்போது எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் 'சி' என்னும் கல்லீரல் நோயும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும்.

இத்தீங்கைத் தடுக்க நாட்டில் சட்டம் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விற்பவனையும் உட்கொள்பவனையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. கஞ்சாவைப் பொறுத்தவரை 1 கிலோ வரை சிறிய அளவு என்றும், 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு என்றும் வரையறுத்துத் தண்டனையை வேறுபடுத்தியுள்ளது. அச்சட்டத்தின் 64ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்துக்கோ சிறிய அளவு தொடர்பான குற்றத்துக்கோ உள்ளானவராயினும், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவமனையில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக அவர்மீது வழக்கு நடத்தலாகாது என்று அது கூறுகிறது. சட்டத்துக்குள்ளேயே ஓர் அஞ்சினான் புகலிடம் இருக்கிறது. ஆனால், மகன் ஒருவன் இந்நிலைக்கு ஆளானதை அறிந்த பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவன காவல் நிலையமும் ஊராரின் வாயும்தாம். எனவே அவர்கள் மறைக்கின்றனர்; நோய் முற்றுகிறது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவ அறிஞர்கள் நடத்திய நாடளாவிய கணக்கெடுப்பு 2019இல் வெளிவந்தது. ஊசிவழிப் போதை ஏற்றுவோர் நாட்டில் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. மதுவுக்கு அடிமையானோரிலோ 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றதாகக் கூறினர். எஞ்சிய 37 பேரும் எங்கே இருந்தனர்? பெரும்பாலோர் தத்தம் வீட்டில்தான் இருந்திருப்பர். மருந்தின் விலையும் மருத்துவமனையின் தொலைவும் ஒரு பகுதிக் காரணம். நாணமும் அச்சமும் மற்றொரு பகுதி.

அச்சம் நோயை எவ்வாறு வளர்க்கும் என்பதைத் தெளிவாகக் காட்டிய ஊர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. 1980களின் தொடக்கத்தில் அங்கே ஹெராயின் பரவியபோது காவல்துறை கடுமை காட்டியது. மருந்துக் கடைகளில் ஊசி கிடைப்பது அரிதாயிற்று. ஊசி வைத்திருந்தாலே பிடிபடுவோம் என்று அஞ்சியவர்கள் ஒளிவிடங்களில் கூடி ஒரே ஊசியைப் பலராகப் பயன்படுத்தினர். அந்நகரின் ஏழ்மை மிக்க ஒரு பகுதியில் பொது மருத்துவராயிருந்த ராய் ராபர்ட்சன் என்பவர், தம்மிடம் வந்த இத்தகையோரின் குருதியைச் சோதித்தார். சோதிக்கப்பட்ட 164 பேரில் 51 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்ததை 1986இல் அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். அருகிலுள்ள கிளாஸ்கோ நகரிலும் ஹெராயின் இருந்தது. ஆயினும் தொற்று மிகக் குறைவாகவே இருந்தது. கடுமையால் போதையும் ஒழியவில்லை, புதிதாக ஓர் உயிர்க்கொல்லி நோயும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்து அரசு அமைத்த குழு ஒன்று, தூய ஊசிகளை வழங்குமாறு பரிந்துரைத்தது.

அதே 1986ஆம் ஆண்டில் நம் சென்னையிலும் ஒரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், அவர்தம் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் குருதி சேகரித்து ஆய்ந்தார். அவர்களுள் ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் இந்நோய் இருப்பதை முதன்முதலாக அறிவித்த ஆய்வு இதுவே. அந்நாளில் நாட்டை ஆட்கொண்ட பேரச்சம் நோயாளிகள்மீது பாய்ந்தது. மருத்துவமனைகளிலேயே அவர்களைத் தொட மறுத்தோர் இருந்தனர். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனத்தை நிறுவி, பெயர் வெளியிடாது ஆலோசனையும் சோதனையும் மருத்துவமும் கிடைக்க வழி செய்தார். 2015இல் அவர் மறைந்தார். 2017இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

அவருடைய மகன் சுனில் சுகாஸ் சாலமன், தொற்றுநோயியல் ஆய்வாளர். ஊசிவழிப் போதையேற்றும் மக்களிடையே அவர் தம் ஆய்வைத் தொடர்ந்தார். சென்னையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் இத்தகையோர் 1,158 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது வேறோர் உண்மையும் புலப்பட்டது. அவர்களின் இறப்புக்குத் தலையாய காரணம் எய்ட்ஸ் அன்று. அளவு மிஞ்சிய போதையே. ஹெராயின் போன்ற அபின்வகைப் பொருள் அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்ல நின்றுவிடும். அருகிலிருப்போர் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் நலாக்சோன் என்னும் மாற்று மருந்து மூச்சை மீட்டுத் தரும். ஆனால் காவலருக்கு அஞ்சி அருகிலிருப்போர் ஓடிவிட்டால், மீட்கக்கூடிய உயிர் வீணே போகும்.

பின்னர் அவரும் அவர்தம் குழுவினரும் இந்தியாவின் 22 இடங்களில் ஒரு பெரிய ஒப்பாய்வை நடத்தினர். அவற்றுள் 12 இடங்கள் ஊசிவழிப் போதையேற்றுவோருக்கானவை. பாதி இடங்களில், சோதனை, ஆலோசனை, சிகிச்சை யாவும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் மையங்களை அமைத்து, மற்ற இடங்களோடு ஒப்பிட்டனர். முடிவு 2019இல் வெளிவந்தது. மையம் அமைந்த ஊர்களில் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டோர் மிகுந்திருந்தனர். எனினும், அம்மிகுதி தற்செயலானது அன்று என உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக இல்லை. ஆனால் மையத்துக்குள் ஒருமுறையேனும் வந்தவர்கள், வராதவர்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகச் சோதனை செய்துகொண்டிருந்தனர். ஆராய்ச்சியாளர் தம் முயற்சியின் குறையை மறைக்காது வெளியிட்ட இம்முடிவு பெரிதும் எண்ணத்தக்கது. கட்டடம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஆயினும் வாயிலைக் கடந்து உள்ளே வருபவர்க்கே பயன் கிட்டுகிறது. அந்த வாயிலைக் கடக்கும் துணிவை மருந்தால் தர இயலாது; அதனைத் தர வேண்டியது சுற்றத்தாரும் சமுதாயமுமே.

அரசின் கொள்கையும் மெல்ல மாறிவந்துள்ளது. 2007இல் தொடங்கிய மூன்றாம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம், தூய ஊசி வழங்குதலோடு, நாவின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை கொண்டு செய்யும் மாற்று மருந்துச் சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டது. உலக நலவாழ்வு நிறுவனம் அம்மருந்தையும் மெத்தடோனையும் 2005இலேயே இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. இம்மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் நாள்தோறும் உட்கொள்பவருக்கு உடல் நடுக்கமும் வலியும் தணிகின்றன. ஊசியைத் தேடி ஓடும் தேவை குறைகிறது. அவர் வேலைக்குச் செல்கிறார், குடும்பத்தோடு உண்கிறார். முற்றும் விடுதலை பெறும் நாள் அவருக்குப் பின்னர் வரலாம். அந்நாள் வரும்வரை அவர் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

இங்கேதான் நம் அவையில் ஒரு வினா எழும், எழவும் வேண்டும். மதுவும் புலாலும் தேனும் நீக்குவதை இல்லறத்தாரின் அடிப்படைக் குணங்களுள் வைத்த சமயம் இது. தீவினையைத் தான் செய்தல் மட்டுமன்றி, பிறரைக் கொண்டு செய்வித்தலும், செய்தவர்க்கு உடன்படுதலும் வினையே என மனம், மொழி, மெய் மூன்றோடும் பெருக்கிக் கணக்கிட்ட சமயமும் இதுவே. அவ்வாறாயின், போதையேற்றுபவன் கையில் தூய ஊசியைத் தருவது உடன்படுதல் ஆகாதா? மாற்று மருந்து தருவது ஒரு பழக்கத்தின் இடத்தில் மற்றொன்றை வைப்பது ஆகாதா? எளிதில் ஒதுக்கத்தக்க வினாக்கள் அல்ல இவை.

விடையும் நம் சமயத்துக்குள்ளேயே கிடைக்கிறது. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று உவர்ப்பின்மை; நோயுற்ற உடலைக் கண்டு அருவருக்காமை அது. மற்றொன்று அழிந்தோரை நிறுத்துதல். நெறியில் தளர்ந்தவரை மீண்டும் நிலைபெறச் செய்தல் அது. இவ்வுறுப்புக்கு எடுத்துக்காட்டாகப் பெரியோர் கூறும் வரலாறு வாரிசேணனுடையது. மகத மன்னன் சிரேணிகனின் மகனான வாரிசேணன் துறவு பூண்டபோது அவனுடைய நண்பனும் உடன் துறவு பூண்டான். ஆனால் பல்லாண்டுகள் கழிந்தும் நண்பனின் உள்ளம் வீட்டில் விட்டுவந்த மனைவியையே நினைந்து வாடியது. வாரிசேணர் அவனைச் சங்கத்தினின்று விலக்கவில்லை. பிறர் முன் நாணச் செய்யவும் இல்லை. தாம் துறந்த அரண்மனைக்கே அவனை அழைத்துச் சென்று, தாம் விட்டுவந்த செல்வத்தையும் அழகிய மனைவியரையும் காணச் செய்தார். நண்பன் தானே தெளிந்தான். தளர்ந்தவனைத் தளர்ச்சி நேர்ந்த இடத்திலேயே சென்று சந்தித்துக் கைப்பிடித்து நடத்தியதற்குப் பெயர் உடன்படுதல் அன்று, நிறுத்துதல்.

அறத்தைப் படிப்படியாக ஏறச் சொன்னதும் நம் நெறியே. துறவியர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என வகுத்ததோடு, இல்லறத்தார்க்கும் பதினொரு நிலைகளை வைத்தனர் முன்னோர். முதற்படியில் நிற்பவனைப் பதினோராம் படியில் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடவில்லை. பகிர்ந்த ஊசியை விட்டுத் தூய ஊசிக்கும், ஊசியை விட்டு மாத்திரைக்கும், மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து விடுதலைக்கும் செல்பவன் ஏறுவதும் ஒரு படிக்கட்டே. ஊசி வழங்குவோரின் கருத்தில் இருப்பது போதையின் இன்பம் அன்று. நோயும் சாவும் தவிர்த்தல். கருத்தை வைத்தே வினையை அளப்பது சமண மரபு. இவ்வளவும் கூறியபின் ஒன்றை வலியுறுத்த வேண்டும்: தீங்கு குறைப்பு என்பது போதையை நன்றென்று கூறும் கொள்கை அன்று. போதை தீது என்னும் அறத்தை அது ஒரு சிறிதும் தளர்த்துவதில்லை. தீதில் விழுந்தவனின் உயிரும் உயிரே என்பதை மட்டும் அது நினைவூட்டுகிறது.

இனி, கம்பம் பள்ளத்தாக்குக்கும் நம் ஊர்களுக்கும் பொருந்தக்கூடிய செய்திகள் சில. கஞ்சாவுக்கு மாற்று மருந்து என ஒன்று இல்லை. பொறுமையான ஆலோசனையும் மனநல மருத்துவருமே துணை. பதின்பருவத்தில் மிகுதியாகப் புகைப்பவர்க்கு மனப்பிறழ்வு நேரும் ஆபத்து உண்டு. ஆதலால் மகன் தனித்திருத்தலையும், உறக்கம் கெடுதலையும், காரணமற்ற ஐயங்களையும் கண்டவுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் நேரலாம், உயிருக்கே கேடாகலாம். சாமி முன் சத்தியம் வாங்கிக்கொண்டு அறையில் பூட்டிவைப்பது பெருந்தவறு. மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. அபின்வகைப் பொருளை விட்டுச் சில மாதங்கள் மறுவாழ்வு இல்லத்திலோ சிறையிலோ இருந்து திரும்பியவர், பழைய அளவையே மீண்டும் ஏற்றினால் உடல் தாங்காது. இறப்பு மிகுதியாக நேர்வது அந்நாட்களில்தான். வீடு திரும்பியவரை ஏச்சால் வரவேற்கும் குடும்பம் இதனை அறிய வேண்டும். ஹெபடைடிஸ் 'சி' இன்று மாத்திரைகளாலேயே குணமாகும் நோய். பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வாரச் சிகிச்சை போதும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

கம்பத்தார்க்கு மதுரையோ சென்னையோ செல்ல வேண்டிய தேவை எப்போதும் இல்லை. ஆண்டிபட்டியை அடுத்த க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. வீட்டை விட்டு வெளியே வரத் தயங்குவோர்க்கு 14446 என்னும் கட்டணமில்லாத் தேசியத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

நம் அறக்கட்டளைகள் அன்னதானத்தை ஒருபோதும் தவறவிட்டதில்லை. மருத்துவ முகாம்களும் ஆண்டுதோறும் நடக்கின்றன. அம்முகாம்களில் சர்க்கரைக்கும் கண்ணுக்கும் மேசைகள் இருப்பதைப் போல, திரைமறைத்த ஓர் அறையில் மனநல ஆலோசகர் ஒருவரையும் அமர்த்தலாம். பெயர் எழுத வேண்டியதில்லை, யார் மகன் எனக் கேட்க வேண்டியதில்லை என்று முன்னரே அறிவிக்கலாம். 64ஏ பிரிவு என்ன கூறுகிறது என்பதை வழக்கறிஞர் ஒருவர் பெற்றோர்க்கு எளிய தமிழில் விளக்கலாம். சிறப்பாக, நம் பேச்சைத் திருத்திக்கொள்ளலாம். 'கஞ்சாக்காரன்', 'குடிகாரன்' என்று முத்திரை குத்தும் ஒவ்வொரு முறையும், அதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தாய் தன் வீட்டுக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறாள்.

அந்தக் கதவைத் திறக்கச் செய்வதே முதற்பணி. மருத்துவர் செய்வது அதற்கு அடுத்த பணி. இவ்விழா நாளில் நான்கு தானங்களையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, அபயம் என்னும் சொல்லில் சற்றே நின்று, நம் தெருவில் அஞ்சி ஒடுங்கியிருக்கும் குடும்பம் எது என எண்ணிப் பாருங்கள். அக்குடும்பத்தின் வாயிலுக்கு ஒருவர் சென்று அன்போடு நலம் கேட்டுவருவாராயின், அதுவே நற்றொடக்கம்.

ஜினதர்மம் வாழ்க.